எஃப்.பி.எஸ். அண்ணாச்சி

மும்பை செம்பூரில் ஒரு பையனுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தால் முதல் போன் ஊரிலிருக்கும் பாட்டிக்குப் போகும். இரண்டாவது போன் அண்ணாச்சிக்கு. "தம்பி, படிப்புக்கு நல்ல கம்ப்யூட்டரா வேணுமாம். நீ கூடப் போய் வாங்கிக் குடுத்துடேன்" என்பார் அம்மா. பக்கத்தில் பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அண்ணாச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "என்ன கோர்ஸ் ஆன்ட்டி?" சிவில் என்றால் ஆட்டோகேட், கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் மெஷின் லேர்னிங். பி.காம். என்றாலும் அவர் அசர மாட்டார், டேலியில் ஆரம்பித்து எப்படியோ சுற்றி வந்து சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடுவார். எந்தப் படிப்பாக இருந்தாலும் 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பாஸாக முடியாது. பையன் மூச்சை விடுவான்.

மாட்டுங்காவில் இப்படி ஒருவர் உண்டு. செம்பூர் செட்டா நகரில், முருகன் கோயில் பக்கம் ஒருவர். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் இருப்பார்கள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, காரணம் ஏ.எம்.டி. - இன்டெல் தகராறு. இவர்கள் எல்லோருக்கும் வயது இருபத்தைந்துக்கு மேல் முப்பதுக்குள். திருநெல்வேலிக்காரர்கள் நிறைந்த தாராவியில் இவருக்கு அண்ணாச்சி என்று பெயர் விழுந்துவிடுகிறது. நான் சொல்லப்போவது தாராவியில் இந்தப் பக்கத்து அண்ணாச்சியைப் பற்றி. வீட்டுக்குள் நுழைந்ததும் அவரை அடையாளம் தெரிந்துவிடும். கேபினெட்டின் பக்கவாட்டு மூடி கழன்று கட்டிலுக்கு அடியில் கிடக்கும். வீட்டிலிருக்கும் ஒரே டேபிள் ஃபேன் கேபினெட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் தாத்தா துண்டால் விசிறிக்கொண்டிருப்பார்.

அண்ணாச்சி கேம் விளையாடுவார் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் கேம் ஓட்டுவார். ஜி.டி.ஏ. ஃபைவ் 2015 ஏப்ரல் 14 அன்று கம்ப்யூட்டருக்கு வந்தது. அந்தக் கதையின் தொடக்கத்தில் ஒரு கொள்ளை வரும். அதற்கு அப்புறம் என்ன ஆகிறது என்று அண்ணாச்சியிடம் கேட்டுப் பாருங்கள், தெரியாது. ஆனால் ‘நேச்சுரல்விஷன் எவால்வ்ட்’ என்ற மோடை, அதாவது ரசிகர்கள் செய்த திருத்தத்தைப் போட்டால் அந்த ஊர் வானம் எந்த நிறத்துக்கு மாறும், ஈரத் தார் ரோட்டில் விளக்கு எப்படி நெளியும், அதற்கு எத்தனை ஜிபி சாப்பாடு போட வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. மழையை வரவழைத்து, கதாநாயகனை ஒரு குட்டைக்கு முன்னால் நிறுத்திவிட்டுத் திரையின் மேல் மூலையில் ஓடும் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். 61, 58, 60. ஒரு நொடிக்கு எத்தனை படம் என்கிற எஃப்.பி.எஸ். கணக்கு அது. 60 வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்தையும் கிட்டத்தட்ட 16.7 மில்லி நொடிக்குள் வரைந்து முடித்தாக வேண்டும். கார் வெடித்தாலும் போலீஸ் துரத்தினாலும் அண்ணாச்சி முகத்தில் ஒன்றும் தெரியாது. 47 என்று இறங்கினால் மட்டும் வீட்டில் துக்கம்.

போன மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் வழக்கம்போலத் தண்ணீர் நின்றது. காந்தி மார்க்கெட் பக்கம் முழங்கால் அளவு. ஜனங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாநகராட்சியைத் திட்டியபடி நடக்க, அண்ணாச்சி நடுரோட்டில் நின்றுவிட்டார். சிக்னலின் சிவப்பு விளக்கு தண்ணீரில் கோடாக விழுந்து, ஒரு டாக்சி போன அலையில் உடைந்து மறுபடி சேர்ந்தது. "பாத்தியா? இதத்தான் ரே ட்ரேசிங்ங்கிறது. நம்ம கார்டுல இது முப்பதத் தாண்டாது" என்றார் கூட வந்த பையனிடம். பின்னால் வந்த ஹேண்ட்கார்ட்காரர் இந்தியில் சொன்னதை இங்கே அச்சேற்ற முடியாது.

அவரைக் கேலி செய்கிறேனே தவிர, ஆள் சொல்கிற விஷயம் சரியாக இருக்கும். கடைக்காரரின் வாய்க்கும் நம் பர்ஸுக்கும் நடுவில் அவர் நிற்பதால் மிச்சமாகும் பணம் கொஞ்சநஞ்சம் இல்லை. மோட் போட்டு ஆடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கார்டுக்குள் இருக்கும் மெமரி, அதாவது வீ-ராம் என்பது அவருடைய முதல் பாடம். கம்பெனி கேமைச் செய்யும்போதே நடுத்தரக் கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டு, சுவருக்கும் தரைக்கும் ஒட்டும் படங்களை அளவாக வைக்கும். மோட் செய்கிறவருக்கு அந்தக் கவலை கிடையாது. 2048 புள்ளிப் படத்தை எடுத்துவிட்டு 4096 போடுவார். இரண்டு மடங்குதானே என்று நமக்குத் தோன்றும். நீளமும் ஏறி அகலமும் ஏறுவதால் நான்கு மடங்கு. அமுக்கி வைத்தாலும் ஒரு படம் 16 எம்பி, அமுக்காவிட்டால் 64. மரத்துக்கு ஒன்று, மரப்பட்டைக்கு ஒன்று, குதிரை லாடத்துக்கு ஒன்று என்று ஆயிரக்கணக்கில் சேரும்.

இதைத் தாராவிப் பையன்களுக்குச் சொல்ல அண்ணாச்சி ஒரு உதாரணம் வைத்திருக்கிறார். "ஏல, நம்ம கோலி வீடு பத்துக்குப் பத்து. ஊர்லேர்ந்து கல்யாணத்துக்கு எட்டுப் பேரு வந்தா எப்படியோ படுத்துக்கலாம். பன்னெண்டு பேரு வந்தா? நாலு பேரு வெளிய சந்துல படுக்கணும். ராத்திரி ஒவ்வொருத்தனா எந்திரிச்சி உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போனா மத்தவன் தூங்குவானா?" கார்டு மெமரி நிரம்பியதும் மிச்சப் படங்கள் மதர்போர்டில் இருக்கும் ராமில்தான் போய் உட்காரும். அங்கிருந்து ஒவ்வொரு முறையும் இழுத்து வர நேரமாகும். அதனால்தான் சராசரி 60 காட்டினாலும், திரும்பும்போதும் ஓடும்போதும் திரை திக்கித் திக்கி நிற்கிறது. பையன்கள் "லேக் அடிக்குது" என்று நெட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

கார்டு கம்பெனிகள் பெயர் வைக்கும் விதத்தைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்தால் அன்றைய பொழுது போச்சு. 2016-ல் ஜி.டி.எக்ஸ். 1060 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டு வந்தது, 3 ஜிபி ஒன்று, 6 ஜிபி ஒன்று. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்து 3 ஜிபி வாங்கியவர்களுக்கு, உள்ளே கோர்களும் 1280-க்குப் பதில் 1152 தான். 2021-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060-இல் 12 ஜிபி. 2023-ல் வந்த 4060-இல் எட்டு! புதுசு வேகமானதுதான், கரண்டும் 170 வாட்டிலிருந்து 115-க்கு இறங்கியது. ஆனால் ஸ்கைரிம் கேமில் 4கே படங்களை அள்ளிக் கொட்டுகிறவனுக்குப் பழைய அண்ணன்தான் கை கொடுப்பான் என்பது அவர் கட்சி. அந்தப் பக்கத்து அண்ணாச்சி 4060 கட்சி. பேச்சுவார்த்தை முறிய இது இரண்டாவது காரணம். இந்த வாதத்தை லோக்கல் ரயிலில் போனில் உரக்க நடத்தியபோது, "ஆர்.டி.எக்ஸ்" என்ற சொல் பக்கத்து சீட் பெரியவர் காதில் வேறு மாதிரி விழுந்து அவர் எழுந்து போய்விட்டார். 1993 குண்டுவெடிப்பைப் பார்த்த மும்பைக்காரர், அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றிலிருந்து அண்ணாச்சி ரயிலில் எண்ணை மட்டும்தான் சொல்கிறார்.

வாங்கப் போவது என்றால் லாமிங்டன் ரோடு. அரசாங்கம் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று போர்டு வைத்திருக்கிறது. யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மாஹிமில் ஸ்லோ லோக்கல் பிடித்து கிராண்ட் ரோடில் இறங்கி, கிழக்கே நடக்க வேண்டும். மாட்டுங்காக்காரர்கள் மாட்டுங்கா ரோடில் ஏறிக்கொள்ளலாம். கடைக்குள் நுழையும்போது அண்ணாச்சி நடையே மாறும். பையனுக்கு ஒரே ஒரு கட்டளை உண்டு: வாயைத் திறக்காதே. "பட்ஜெட் கித்னா ஹை?" என்று கவுன்ட்டர் பையன் கேட்டதும் செம்பூர் ஆன்ட்டி "எழுபது வரைக்கும்" என்று தமிழில் சொல்லிவிட்டால் கதை முடிந்தது, எழுபது என்பது அங்கே எல்லா மொழியிலும் புரியும். துண்டுக் காகிதத்தில் வரும் கொட்டேஷன் சரியாக எழுபதில் நிற்கும். ஐ-செவன் ப்ராசசர் என்று தடித்த எழுத்தில் போட்டு, கார்டு இடத்தில் ஜி.டி. 730, 4 ஜிபி என்று வைத்திருப்பான். 2014-ல் வந்த சரக்கு. மெமரி நாலு ஜிபி இருப்பது நிஜம்தான், ஆனால் அது பழைய டி.டி.ஆர். த்ரீ, இந்த வேலைக்கு நகராது. காகிதத்தை அண்ணாச்சி நான்காக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் அடுத்த கடைக்கு நடப்பார். கடைக்காரன் படிக்கட்டு வரை வந்து கூப்பிடுவான்.

பழைய கார்டு என்றால் அது தனிச் சடங்கு. 2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் என்ற டிஜிட்டல் நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டது. அதுவரை ராப்பகலாக நாணயம் தோண்டிய கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தையில் வந்து கொட்டின. அண்ணாச்சி அப்படிப்பட்ட கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஸ்க்ரூ தலையில் கீறல் இருக்கிறதா, ஃபேனை விரலால் தள்ளினால் ஆடுகிறதா, ஸ்டிக்கர் ஒருமுறை உரித்து ஒட்டியதா என்று பார்ப்பார். கடைசியில் மோந்து பார்ப்பார். எதற்கு என்று கேட்டால், "கடல் காத்து பட்டு பச்சை புடிச்ச கார்டுக்கு ஒரு வாடை உண்டு" என்பார். உண்மையோ பொய்யோ, கடைக்காரன் விலையில் ஐந்நூறு குறைத்துவிடுகிறான்.

பேரம் படிந்ததும் கச்சா பில்லா பக்கா பில்லா என்று வரும். கச்சா என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம், ஆனால் வாரண்டிக்குப் போய் நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஆன்ட்டிகளுக்கு மிச்சத்தில்தான் கண். இந்த ஒரு இடத்தில் மட்டும் அண்ணாச்சி ஆன்ட்டியையே எதிர்ப்பார். இன்னொரு சண்டை எஸ்.எம்.பி.எஸ்.சுக்காக, அதாவது கரண்ட் கொடுக்கும் டப்பாவுக்காக. கேபினெட்டோடு இலவசமாக வரும் டப்பாவில் 450 வாட் என்று எழுதியிருக்கும். அது ஸ்டிக்கரின் வாட், டப்பாவுடையது அல்ல. 3060-க்கு 550 வாட் வேண்டும் என்று கார்டு கம்பெனியே சொல்கிறது. அதையும் நல்ல கம்பெனி சரக்காகப் பார்த்து வாங்க வேண்டும். "இதுல மூவாயிரம் மிச்சம் புடிச்சா அது போகும்போது கார்டையும் கூட்டிட்டுப் போயிரும்" என்று அவர் சொன்னதும், ஆன்ட்டி பர்ஸைத் திறப்பார். எட்டு ஜிபி ராம் இரண்டாகத்தான் வாங்க வேண்டும், பதினாறு ஒன்றாக வேண்டாம், இரண்டு வழியிலும் சேர்ந்து ஓடும் என்பதெல்லாம் ரயிலில் திரும்பும்போது சொல்லும் பாடம்.

ஊருக்கெல்லாம் இவ்வளவு செய்கிறவர் தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் நிம்மதியாக ஓட்டுவது யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 மட்டும்தான். பிராக் நகரத்து எஸ்.சி.எஸ். கம்பெனி 2012-ல் விட்ட கேம். நம்மூர்ப் பையன்கள் அதற்குத் தமிழ்நாட்டு பஸ்களை மோடாகச் செய்து வைத்திருக்கிறார்கள். இங்கே கார்டைவிட ப்ராசசரின் ஒற்றைக் கோர் வேகம் முக்கியம். பக்கக் கண்ணாடி ஒவ்வொன்றிலும் பின்னால் இருக்கும் ரோட்டைத் தனியாக இன்னொரு தரம் வரைய வேண்டும், அதனால் கண்ணாடியின் தரத்தைக் குறைத்தாலே எண் ஏறும். இதையும் அவர்தான் சொன்னார். தன்னுடையதில் மட்டும் குறைக்க மாட்டார்.

ஒரு நாள் தாத்தா கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார். திருநெல்வேலியிலிருந்து வந்து ஐம்பது வருஷம் தாராவியிலேயே கழித்தவர்.

"ஏல, இது நம்மூரு வண்டில்லா?"

"ஆமா தாத்தா."

"கண்டக்டர் எங்கல?"

"கண்டக்டரெல்லாம் கெடையாது தாத்தா."

தாத்தா கொஞ்ச நேரம் போர்டைப் பார்த்தார். திருநெல்வேலி என்று எழுதியிருந்தது. "கோவில்பட்டில டீக்கு நிப்பாட்டுவியா?"

"கோவில்பட்டி வராது தாத்தா. அடுத்து ரோட்டர்டாம்."

"அது கயத்தாறுக்கு முந்தியா, பிந்தியா?"

அண்ணாச்சிக்கு அன்று பதில் கிடைக்கவில்லை. எண் மட்டும் 60-இல் அசையாமல் நின்றது. இந்திய வரைபட மோடும் உண்டு, போட்டும் பார்த்தார். மோட்களை ஏற்றும் வரிசையில் ஏதோ ஒன்று மற்றொன்றோடு முட்டிக்கொண்டு கேமே திறக்கவில்லை. அதைச் சரிசெய்யும் வேலை இன்னும் நடக்கிறது. அவருக்குக் காலண்டரே மோட்தான். 2020 அக்டோபர் 12 அன்று மும்பை முழுக்கக் கரண்ட் போனதை ஊரார் லோக்கல் நின்ற நாள் என்பார்கள். அண்ணாச்சியைக் கேட்டால், 93 சதவீதத்தில் மோட் டவுன்லோடு அறுந்த நாள் என்பார்.

உங்கள் வீட்டிலும் ஒருவனுக்கு சீட் கிடைத்திருந்தால் அண்ணாச்சியைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். காசு வாங்க மாட்டார். மாட்டுங்கா ரமாஸ்ரே ஹோட்டலில் டிஃபன் மட்டும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பட்ஜெட்டை அவரிடமும் பத்தாயிரம் குறைத்துச் சொல்லுங்கள், அவரே மீதியை ஏற்றிக்கொள்வார். பில் பக்காவாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிளம்பிவிடாதீர்கள், லாமிங்டன் ரோடில் பெரும்பாலான கடைகளுக்கு அன்று விடுமுறை.