மெழுகு சார்

எந்த அடுக்ககத்திலும் ஒரு மெழுகு சார் இருப்பார். வங்கியில் நல்ல பதவி வகித்து ஓய்வு பெற்றவராக இருக்கலாம், ஐ.டி.யில் வேலை பார்த்துக்கொண்டே மனதளவில் ஓய்வு பெற்றவராகவும் இருக்கலாம். எங்கள் சென்னைக் குடியிருப்பில் இருப்பவர் முதல் ரகம். ஞாயிறு காலை தரைத்தளத்தில் 'ஊய்ங்' என்று கேட்டால், நாங்கள் யார் வீட்டு மிக்ஸியையும் சந்தேகப்படுவதில்லை. மிக்ஸி அவ்வளவு நேரம் ஓடினால் புகை வந்திருக்கும்.

ஓடுவது டூயல் ஆக்‌ஷன் பாலிஷர். செல்லமாக டி.ஏ. இதற்கு அண்ணன் ஒருவன் உண்டு, ரோட்டரி. அவன் ஒரே அச்சில் சுற்றுவான். பழகாத கையில் சிக்கினால் ஓரிடத்தைச் சூடேற்றிப் பெயிண்டையே தின்றுவிடுவான். டி.ஏ. அப்படியல்ல. தட்டு தானும் சுற்றும், மையம் விலகி இன்னொரு வட்டமும் அடிக்கும். "நவக்கிரகத்தைச் சுத்துறவங்களுக்குத் தலையும் சேர்ந்து சுத்தினா எப்படி இருக்கும், அந்த மாதிரி" என்று சார் விளக்குவார். அந்த விலகலுக்கு எட்டு மில்லி, பதினைந்து மில்லி, இருபத்தொன்று என்று அளவுகள் உண்டு. சாரிடம் இருப்பது பதினைந்து. விலையும் மில்லியில்தான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மெஷின் வாங்க அவர் மனைவியிடம் சொன்ன காரணம், நேரம் மிச்சம். கையால் மெழுகு பூசினால் ஒரு காலைப்பொழுது போய்விடும், தோளும் போய்விடும். மெஷினில் இருபதே நிமிஷம். இதில் துளி பொய் கிடையாது. பூசுவது இருபது நிமிஷம்தான்.

அதற்கு முன்னால் கழுவ வேண்டும். வாளி இரண்டு: ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர், இரண்டின் அடியிலும் மண் மேலே வராமல் தடுக்கும் வலைத்தட்டு. எங்கள் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விடும் என்பதால், கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர். வீட்டில் சாம்பாருக்கு மெட்ரோ வாட்டர்தான். பிறகு களிமண் பார். அதை ஈரமாக்கி பானட் மேல் தடவிக்கொண்டே போனால், கழுவியும் போகாத தூசும் பிசினும் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாலிதீன் பைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். நரநரத்தால் மறுபடி களிமண். பிறகு, மெழுகு பட்டால் வெளுத்துப்போகும் கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களுக்கெல்லாம் நீல டேப். இதெல்லாம் முடிவதற்குள் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு தரம் ஆள் வந்து போயிருக்கும். இந்த நேரத்தை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. கல்யாண வீட்டில் முகூர்த்தம் ஒன்றரை மணி நேரம் என்றுதானே போடுகிறோம்?

ஆனால் பூச ஆரம்பித்துவிட்டால் சார் கலைஞர். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மெத்தென்ற ஸ்பான்ஜ் பேடில் பட்டாணி அளவில் நாலே சொட்டு. அதிகம் ஊற்றுகிறவன் பிறகு அதிகம் துடைக்கிறவன். பேடை முதலில் பெயிண்ட் மேல் வைத்து, அப்புறம்தான் சுவிட்ச்; காற்றிலேயே ஓடவிட்டால் மெழுகு சுவருக்கும் வேடிக்கை பார்ப்பவர் சட்டைக்கும் போகும். வேகத் திருகில் ஆறு வரை எண் இருந்தாலும் மெழுகுக்கு இரண்டைத் தாண்ட மாட்டார். அழுத்தவும் மாட்டார்; மெஷினின் எடையே போதும். பேடைத் தாங்கும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறார். கோடு சுற்றுவது தெரிந்தால் எல்லாம் சரி, நின்றுபோனால் அழுத்தம் அதிகம். வயரைத் தோளில் துண்டு போலப் போட்டுக்கொண்டு, இரண்டடிக்கு இரண்டடியாகப் படுக்கை வரிசை, பிறகு நெடுக்கு வரிசை. பின்னால் மெழுகு இருப்பதே தெரியாத அளவுக்கு ஒரு மங்கல் படர்ந்துகொண்டே வரும். சற்றுப் பொறுத்து ஓர் ஓரத்தில் விரலால் இழுத்துப் பார்ப்பார். தடம் பளிச்சென்று விழுந்தால் துடைக்கலாம், ஈஷினால் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கும் வேளையில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பாடம். "கார்னூபா சார் இது. பிரேசில்ல வடகிழக்குப் பக்கம் விளையற பனை. நம்ம பனைக்குச் சொந்தம். வெயில்ல காயாம இருக்க ஓலை மேல தானே மெழுகு பூசிக்கும். எண்பது டிகிரிக்கு மேலதான் உருகும். மிட்டாய் மேல மினுமினுக்குதே, அதுவும் இதுதான்." அன்று முதல் எதிர்வீட்டுப் பையன் அந்த பானட்டைப் பார்க்கும் பார்வை சரியில்லை.

மெழுகு சாரின் ஜென்ம விரோதி, எங்கள் கார்களையெல்லாம் ஒரே வாளி, ஒரே துணியில் தினம் காலை துடைத்துவிட்டுப் போகும் தம்பி. காய்ந்த தூசியை வட்டமாகத் தேய்த்தால் வட்ட வட்டமாகக் கீறல் விழும். வெயிலில் நிறுத்தினால் அத்தனையும் தெரியும். "மேல இருக்கற கிளியர் கோட் தலைமுடி கனம்கூட இல்லப்பா. நேர்க்கோட்டுல துடை. வட்டமா மட்டும் தேய்க்காதே." தம்பி பணிவாகக் கேட்டான்: "மெஷின் மட்டும் வட்டமாத்தானே சார் சுத்துது?" தூசி இல்லாத பரப்பில் ஸ்பான்ஜ் சுற்றுவது வேறு, மண்ணோடு துணி சுற்றுவது வேறு என்று சார் சொன்ன பதில் முற்றிலும் சரி. அது முடிவதற்குள் தம்பி அடுத்த பிளாக்கில் நாலு காரை முடித்திருந்தான்.

மைக்ரோஃபைபர் துணிகளுக்குத் தனிக் கொடி, தனி சோப்பு. இழை அடைத்துக்கொள்ளும் என்று கம்ஃபர்ட் போடக் கூடாது. "என் பட்டுப்புடவைக்குக்கூட இந்த மரியாதை கிடையாது" என்கிறார் மாமி. கார் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. நெடுஞ்சாலையில் பூச்சி அடிக்கும், வேப்பமரத்தடியில் பிசின் சொட்டும், காக்காய் எச்சம் பெயிண்டை அரிக்கும். ஆகவே குடும்பத்தோடு திருப்பதிக்குப் போனபோது சப்தகிரி எக்ஸ்பிரஸ்.

போன ஆயுத பூஜைக்கு மாமி சந்தனக் கிண்ணத்தோடு இறங்கி வந்தார். பானட்டில் வைத்த பொட்டு, மெழுகின் மகிமையால், நம்பர் பிளேட் வரை வழுக்கிக்கொண்டு வந்தது. "பாத்தியா, என்ன ஸ்லிப்பு!" என்று சார் பூரித்தார். மாமி அடுத்த பொட்டைப் பெரிதாகக் குழைத்து பாலிஷருக்கு வைத்தார். "ஆயுதம் இதுதானேங்க."

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஏற்றி நசுக்க வேண்டியதுதான் பாக்கி. சார் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. இன்னொரு தரம், 'டிக்.' ஓட்டாத காரில் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? வாட்ச்மேன், துடைக்கிற தம்பி, செயலாளர், நான் என்று நாலு பேர் பின்னால் போய் நின்றோம். சார் கதவைத் திறந்துகொண்டு பதறி ஓடிவந்தார்.

"கை வைக்காதீங்க, கை வைக்காதீங்க!" ஆளுக்கொரு மைக்ரோஃபைபர் துணி வந்தது, நாலாக மடித்து. "இதை வச்சுத் தள்ளுங்க. நேர்க்கோட்டுல."