காசு கொடுத்துக் கிருமியா?

கேள்வி: கண்மாயில் தண்ணீர் இருக்கிறது, நெல் போடலாம் என்றால், விதையில் பாக்டீரியாவைக் கலக்கச் சொல்கிறார்கள். கிருமியைப் போய்க் காசு கொடுத்து வாங்குவதா?
- ஒரு வாசகர், அச்சங்குளம்

பதில்: தயிருக்கு உறை ஊற்ற அடுத்த வீட்டில் கடன் வாங்குவது வேறென்னவாம்? இதன் பெயர் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ். வாயில் நுழையாது, வேரில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்றுவிட்டு, மண்ணிலுள்ள இரும்புச்சத்தைத் தானே வளைத்துப்போட்டு, நோய்ப் பூசணத்தைப் பட்டினி போடும். சாப்பிட்ட வீட்டுக்குக் காவலும் இருக்கிற விருந்தாளி!

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு: கிலோ விதைக்கு 10 கிராம் தூள், 1 லிட்டர் தண்ணீர், ஒரு ராத்திரி ஊறல். நீரை வடித்து, 24 மணி நேரம் சாக்கில் கட்டிவைத்து, முளை எட்டிப் பார்த்ததும் விதைக்கலாம். ஒரு ஜாக்கிரதை: அதே பாத்திரத்தில் பூசணக்கொல்லியையும் கொட்டிவிடாதீர்கள், விருந்தாளிக்கு விஷம் வைத்த கதையாகும். பாக்கெட்டை வெயிலில் காயப்போடவும் கூடாது. காலாவதித் தேதியையும் பாருங்கள்.

இன்னொன்று, பாக்டீரியா பதரை முளைக்கவைக்காது. ஊறவைக்கும் முன்பே முட்டை மிதக்கிற அளவு உப்புக் கரைத்த நீரில் விதையைக் கொட்டி, மிதப்பதைத் தள்ளுங்கள். மூழ்கியதை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள். முட்டையை என்ன செய்வது என்று அடுத்த வாரம் கேட்காதீர்கள்.