முட்டையைக் காணோம்

எங்கள் வீட்டில் ஆட்கள் ஏழு பேர், முட்டை இரண்டு. இந்தக் கணக்குக்கு அம்மா கண்டுபிடித்த விடையின் பெயர்தான் முட்டைப் பொடிமாஸ்.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அன்றைக்கு அது சேலம் மாவட்டம். எழுபதுகளின் தொடக்கம். முட்டையை அவித்து, நூல் போட்டு அறுத்தாலும் நான்கு பாதிதான் தேறும்; மூன்று பேர் முறைத்துக்கொண்டு நிற்போம். ஆம்லெட் போட்டால் யார் துண்டு பெரிது என்று பஞ்சாயத்து. பொடிமாஸில் அந்த வம்பே கிடையாது. யார் தட்டுக்கு எவ்வளவு முட்டை போனது என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது.

முதலில் சின்ன வெங்காயம், ஒரு முறம். உரிப்பதும் அழுவதும் எங்கள் வேலை. வடச்சட்டியில் கடலெண்ணெய் காய்ந்ததும் கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய். வெங்காயத்தைப் போட்டவுடனே உப்பும் போட்டுவிடுவார் அம்மா. அது தண்ணீர் விட்டு, சுருண்டு, ஓரம் சிவக்கும்வரை அவசரப்படமாட்டார். பிறகு கவுச்சி போக மஞ்சள்தூள். முட்டையை ஒவ்வொன்றாகத் தம்ளரில் உடைத்து மூக்கருகே கொண்டுபோவார். ஒரு கூமுட்டை உள்ளே போனால் ஒரு முறம் வெங்காயமும் குப்பைக்கு. ஊற்றிய கையோடு கிளறவும் மாட்டார். அடியில் லேசாகப் பிடிக்கவிட்டு, அப்புறம்தான் கரண்டி. ஈரம் முழுக்க வற்றும் முன்பே விறகை வெளியே இழுத்துவிடுவார். “மிச்சத்தைச் சட்டிச் சூடு பாத்துக்கும்” என்பார். நெருப்பு மிஞ்சினால் முட்டை இறுகித் தண்ணீரைக் கக்கிவிடும், உதிரி ரப்பராகிவிடும் என்று பின்னாளில் எங்கோ படித்தேன். அம்மா எதையும் படித்ததில்லை.

கடைசியாக மிளகுத்தூளும் ஒரு கை தேங்காய்த் துருவலும். தேங்காய் ருசிக்காக என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். எட்டாவதாக யாராவது வந்து உட்கார்ந்த நாட்களில் அது இரண்டு கை ஆனதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

“அம்மா, முட்டையைக் காணோம்” என்பான் தம்பி, தட்டைக் கிளறிக்கொண்டே.

“நல்லாத் தேடிப் பாரு கண்ணு, அதுக்குள்ளதான் இருக்குது.”

வீட்டில் கோழி இல்லாமலில்லை. பஞ்சாரத்துக்குள் எட்டு, வெளியே மேயப் போனது நாலு. ஆனால் முட்டைகள் ஆயாவின் ஆட்சிக்கு உட்பட்டவை. பத்துப் பதினோரு முட்டை சேர்ந்ததும் அடை வைத்துவிடுவார். இருபத்தொரு நாளில் அவை குஞ்சாகும், குஞ்சு கோழியாகும், கோழி சந்தைக்குப் போகும். மாப்பிள்ளை, சம்பந்தி யாராவது வந்தால் அவர்களுக்கு முழு முட்டை உண்டு. எங்கள் பங்குக்கு வந்தது, ஆயாவுக்குத் தெரியாமல் வைக்கோல்போரில் கோழி இட்டுவைத்ததை நாங்கள் முந்திக்கொண்டு எடுத்தது மட்டும்தான். எனக்கே எனக்கென்று முழுசாக ஒரு முட்டை கிடைத்தது ஏழாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில். அதை யாரும் பங்கு கேட்கவில்லை.

ஒருமுறை டவுனிலிருந்து வந்த மாமா ஆறு லெகான் முட்டை வாங்கிவந்தார். வெள்ளை வெளேரென்று, எல்லாம் ஒரே அளவில். பொம்மை பார்ப்பதுபோலப் பார்த்தோம். ஆயா மட்டும் ஒன்றை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, “சோகை புடிச்ச கோழி போட்டதாட்டம் இருக்குது” என்று வைத்துவிட்டார். எங்களுக்கோ அதுதான் நாகரிகம். பழுப்பேறிய நாட்டுக்கோழி முட்டை பட்டிக்காட்டுச் சமாச்சாரம்.

இப்போது அதே பட்டிக்காட்டு முட்டை, வைக்கோல் படம் போட்ட அட்டைப் பெட்டியில் ஆறாறாக அடுக்கி, பண்ணை முட்டையைப்போல இரண்டு மூன்று மடங்கு விலையில் சூப்பர் மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது. பெட்டியின் மேல் கோழியின் சுதந்திர வாழ்க்கை பற்றி ஒரு பத்தி வேறு. எங்கள் கோழிகளுக்கும் அந்தச் சுதந்திரம் இருந்தது. அதைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை.

முட்டைக்கு நல்ல காலம் பிறந்தது 1982-ல். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தொடங்கியது அந்த ஆண்டுதான். அப்புறம் தூர்தர்ஷனில் ஞாயிறு, திங்கள் பார்க்காமல் தினமும் முட்டை சாப்பிடச் சொல்லி இந்தியில் பாட்டே வந்தது. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமும் அதே 1982. நான் பள்ளியை விட்டு வந்தது 1981. 1989-ல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வைத்தார்கள். 2010-ல் அது வாரத்துக்கு ஐந்து ஆனது. எங்கள் பக்கத்து மேட்டு நிலங்களில் கோழிக் கொட்டகைகள் நீண்டன. நாமக்கல் தனி மாவட்டமாகி, முட்டை என்றால் நாமக்கல் என்றும் ஆயிற்று. தினமும் அங்கே முட்டைக்கு விலை அறிவிக்கிறார்கள். அடை வைப்பதா, விற்பதா என்று ஆயா ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து எடுத்த முடிவு அது.

ஆசைப்பட்டபோது இல்லாத முட்டை, வாங்கக் காசு வந்தபோது ஆகாத முட்டையாகிவிட்டது. ஐம்பது வயதில் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், மஞ்சள் கருவை விட்டுவிடச் சொன்னார். தேடிப் பார்த்ததில், அமெரிக்க இதயச் சங்கம் 1968-லேயே வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தது தெரிந்தது. எனக்கு அப்போது நாலு வயது. எங்கள் வீட்டில் அந்தக் கட்டுப்பாட்டை யாரும் மீறவில்லை என்று சத்தியம் செய்வேன். பிறகு 2015–20 ஆண்டுகளுக்கான அமெரிக்க உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்ற வரம்பையே எடுத்துவிட்டார்கள். என் டாக்டர் எடுக்கவில்லை.

மகன் பெங்களூரில் இருக்கிறான். பொடிமாஸ் என்றால் வீட்டுச் சாப்பாடு, புர்ஜி என்றால் ஓட்டல் சாப்பாடு என்பது அவன் கணக்கு. ஊருக்கு வந்தால் காலையில் ஜிம். திரும்பி வந்ததும் வரிசையாக ஆறு முட்டை உடைப்பான். வெள்ளையைக் கிண்ணத்தில் வடித்துக்கொண்டு ஆறு மஞ்சளையும் தொட்டியில் கவிழ்த்துவிடுவான். முட்டைப் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு மஞ்சளில்தான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கு அவனிடம் தனி டப்பாவில் பவுடர் இருக்கிறது. அன்று இரண்டு முட்டையில் ஏழு பேர் சாப்பிட்டோம். இன்று ஆறு முட்டையில் ஒருத்தன், அதுவும் அரைகுறையாக. மகள் செய்வது வேறு மாதிரி: வெண்ணெய், பால், சீஸ், எறும்பு ஊர்வதுபோல ஒரு தீ. வெங்காயம் கூடாதாம், முட்டையின் ருசியை அது மறைத்துவிடுமாம். அம்மா வெங்காயம் போட்டதே அதற்குத்தான் என்று நான் சொல்லவில்லை.

போன தீபாவளிக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். காலையில் நான்தான் சமைக்கிறேன் என்று அடுப்படிக்குள் போனேன். ஃபிரிட்ஜில் முப்பது முட்டை அட்டை பிரிக்காமல் இருந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் உடைக்கலாம். தடுக்க ஆயா இல்லை. ஆனாலும் நாலு பேருக்கு இரண்டு முட்டைக்கு மேல் கை போகவில்லை. வெங்காயத்தை மட்டும் அள்ளி அள்ளி உரித்தேன். ஒவ்வொரு முட்டையாகத் தம்ளரில் உடைத்து முகர்ந்து பார்த்தேன்; பண்ணை முட்டையில் கூமுட்டை எங்கே வரப்போகிறது! விறகு இல்லாததால் கேஸை அணைத்துவிட்டுச் சட்டிச் சூட்டுக்கு விட்டேன்.

மகன் தட்டைக் கிளறிப் பார்த்தான். “அப்பா, முட்டையைக் காணோமே?”

ஐம்பது வருஷமாகக் காத்திருந்த இடம். “நல்லாத் தேடிப் பாரு கண்ணு, அதுக்குள்ளதான் இருக்குது” என்றேன்.

அதற்குள் அடுப்படியிலிருந்து மனைவியின் குரல். “ஏனுங்க, கூடையில இருந்த சின்ன வெங்காயம் அத்தனையுமா உரிச்சீங்க? அது விக்கிற விலைக்கு இன்னும் பத்து முட்டை ஊத்தியிருக்கலாமே!”

எனக்குக் கணக்கு இன்னும் வரவில்லை. அம்மா இருந்திருந்தால் பத்து முட்டையை உடைத்து ஊற்றி, வெங்காயத்தை ஒளித்து வைத்திருப்பார்.