நான் பெரியம்மா ஆன படலம்: படிவவாகுபெயர் குறித்த ஓர் ஆய்வு

ஆகுபெயர் பதினாறு என்று பள்ளியில் படித்தோம். ‘ஊர் சிரித்தது’ என்றால் சிரித்தவர் ஊரார். பதினேழாவதாகப் ‘படிவவாகுபெயர்’ என ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது இவ்வாய்வின் துணிபு. இலக்கணம்: இணையப் படிவத்தில் ஒருவர் பெயர், அதை நிரப்பியவருக்கு ஆகி வருவது.

ஆய்வுக் களம் எங்கள் வீட்டுக் கூடம். மாதிரிகள் இருவர்: பெரியம்மா, நான். நான் உறுப்பினராக உள்ள ஒரு சபாவில் பெரியம்மாவையும் சேர்க்க, என் மடிக்கணினியில் படிவத்தைத் திறந்தேன். பெயர்க் கட்டத்தில் என் பெயர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அதை அழித்து அவர் பெயர், பிறந்த தேதி, செல்பேசி எண் எல்லாம் தட்டி அனுப்பினேன். ‘உங்கள் விவரம் புதுப்பிக்கப்பட்டது’ என்று பதில். சேர்க்கப்பட்டது என்றல்லவா வர வேண்டும்? அந்த வினைச்சொல்லை அன்றே உரசிப் பார்த்திருக்கலாம். அடுத்த மாதம் 73ஆம் பிறந்தநாள் வாழ்த்து என் மின்னஞ்சலுக்கு வந்தபோதுதான் விளங்கியது: பெரியம்மா சேரவில்லை, நான் காணாமல் போயிருந்தேன்.

“அப்போ நான் கட்டின பணம்?”

“உங்க பேர்லதான் இருக்கு பெரியம்மா. ஆனா என் கணக்குல.”

“ஒழுங்கா கையால எழுதிக் குடுத்திருக்கலாம்டா.”

காரணம் எளிது. உள்நுழைந்திருப்பவரே படிவத்துக்குரியவர் என்று மென்பொருள் நம்புகிறது. உள்நுழையாவிட்டாலும் குக்கீ காட்டிக்கொடுக்கும். 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மொண்டுல்லி உருவாக்கிய அந்தக் குக்கீக்கு உலாவியைத்தான் தெரியும்; முன்னால் உட்கார்ந்திருப்பவரைத் தெரியாது.

மின்னஞ்சல் ஒன்றானால் ஆளும் ஒன்றே என்பது இன்னொரு கட்சி. நான்கு பேருக்கு ஒரே ஜிமெயில் வைத்திருக்கும் எங்கள் வீட்டில் இக்கட்சிக்கு டெபாசிட் தேறாது. இதன் மறுதலையும் உண்டு. ஜிமெயில் முகவரியில் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அஞ்சல் ஒரே பெட்டிக்குத்தான் போகும். எழுத்தை மட்டும் ஒப்பிடும் பதிவேடோ அதை இரண்டு ஆளாக எண்ணும். புள்ளி இருந்தால் மெய், போனால் உயிர்மெய் என்று பழகியவர்களுக்கு இதில் வியப்பில்லை.

பரிகாரம் உண்டு. தொண்டு நிறுவனங்கள் பயன்படுத்தும் சிவிசிஆர்எம் மென்பொருள், உள்நுழைந்தவருக்குப் படிவத்தின் தலையிலேயே ‘நீங்கள் இன்னார் இல்லையா, வேறொருவருக்காக நிரப்புகிறீர்களா?’ என்று கேட்டு வெற்றுப் படிவத்துக்கு வழிவிடும். அது மட்டும் போதாது: வெறுமையாக விட்ட கட்டம் பழைய விவரத்தைத் துடைக்கக் கூடாது. பெயரோ மின்னஞ்சலோ மாறினால் ஒரு மனிதர் பார்த்து ஒப்பும்வரை அது காத்திருக்க வேண்டும். மாற்றம் பற்றிய அறிவிப்பு பழைய முகவரிக்கும் எண்ணுக்கும் போக வேண்டும். புதியதற்கு மட்டும் அனுப்புவது, பூட்டை உடைத்தவனிடமே சாவி பத்திரமா என்று கேட்பது போல. நிரப்புகிறவர் பங்குக்கு, அடுத்தவர் காரியத்தை உலாவியின் இன்காக்னிட்டோ சாளரத்தில் செய்யலாம்.

சபாவில் முறையிட்டேன். திருத்தப் படிவத்தின் இணைப்பைப் பதிவிலுள்ள எண்ணுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். பதிவிலுள்ளது பெரியம்மாவின் எண். அவர் அதைக் கச்சேரி அழைப்பு என்று நினைத்துத் தம்பிக்கு ஃபார்வர்டு செய்துவிட்டார். தம்பி இப்போது சிரத்தையாக நிரப்பிக்கொண்டிருக்கிறான்.