முறிகண்டிக் கச்சானும் ஊர்க்கதையும்

ஒரு வாசகர், பரந்தன்: லண்டனில் இருக்கிற மச்சான், ‘இங்கே ஒவ்வொரு ஊருக்கும் எண்ணூறு வருசக் கதை இருக்கு, கிளிநொச்சிக்கு என்ன இருக்கு?’ என்று நக்கலடிக்கிறான்.

பதில்: கிளிநொச்சிப் பட்டணம் இளசுதான். இரணைமடுக் குளத்து வேலை தொடங்கியது 1902இல், குடியேற்றத் திட்டம் வந்தது 1936இல். ஆனால், இங்கிலாந்தின் சஃபோக்கில் வூல்பிட் என்றொரு கிராமம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பச்சைத் தோலோடு இரண்டு பிள்ளைகள் அங்கே வந்தார்களாம். பச்சை அவரையைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கவில்லையாம். அந்தப் பிள்ளைகளை ஊர்ப் பெயர்ப்பலகையிலேயே செய்து வைத்திருக்கிறார்கள். இதை நம்புகிறவர் நம்மைப் பார்த்துச் சிரிக்கலாமா?

ஒரு வாசகி, முள்ளியவளை: வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் கடல்நீரில் விளக்கு எரிகிறதே, விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

பதில்: விஞ்ஞானம் இன்னும் வரிசையில் நிற்கிறது. நந்திக்கடலோரம் மாடு மேய்த்த பொடியளிடம் ஒரு கிழவி வந்தாள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றார்கள். கடல்நீரை ஊற்றச் சொன்னாள், எரிந்தது. பிறகு பேன் பார்க்கச் சொன்னாள். பார்த்தால் தலை நிறையக் கண்கள்! கிழவியாக வந்த கண்ணகி மறைந்துவிட்டாள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, உங்கள் ஊர்க் காட்டுவிநாயகர் கோயிலில்தான் முதலில் விளக்கேற்றுகிறார்கள். கோயிலடியில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே, அம்மா!

ஒரு மாணவன், ஒட்டுசுட்டான்: வன்னி மன்னன் பண்டாரவன்னியன் 1803இல் களத்திலேயே மாண்டானா?

பதில்: நாடகங்களில் மாண்டான். கற்சிலைமடுவில் வெள்ளைக்காரன் நட்ட கல்லோ, 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்ததை மட்டுமே சொன்னது. கொன்றிருந்தால் அதைக் கல்லில் வெட்டாமல் விட்டிருப்பார்களா, தம்பி? இரண்டு மாதம் முன்பு, ஓகஸ்ட் 25இல், முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்து அவர்களை ஓட்டியவன் அல்லவா! 1811 வரை இருந்தான் என்று எழுதுவோரும் உண்டு. என் வாக்கு அவர்களுக்குத்தான்.

ஒரு சாரதி, வவுனியா: முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போனால் வாகனம் பழுதாகுமா?

பதில்: எல்லோரும் நிறுத்திவிடுவதால் சோதித்துப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை. கச்சான் வாங்காமல் போனால் வீட்டில் பழுது நிச்சயம்.

ஒரு வாசகி, உருத்திரபுரம்: எங்கள் அம்மம்மா குளத்துக் கதை, பேய்க் கதை எல்லாம் சொல்லுவா. எழுதி வைக்கலாமா?

பதில்: இன்றைக்கே எழுதுங்கள். யார் சொன்னது, எந்தக் குளம், எந்த ஆண்டு என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். இடப்பெயர்வில் தொலைந்த பெட்டிகளோடு எத்தனையோ கொப்பிகள் போய்விட்டன. எழுதியதில் ஒரு பிரதியைப் பரந்தன் வாசகரின் மச்சானுக்கும் லண்டனுக்கு அனுப்பி வையுங்கள்.