எட்டாம் திணை: அடிவாரத்துப் படப்பிடிப்பு குறித்த ஓர் ஆய்வு முன்னுரை

1. ஆய்வின் தேவை

ஏற்காடு அடிவாரத்தில் ஷூட்டிங் நடக்காத நாளிலும், முன்பு நடந்த ஷூட்டிங்கைப் பற்றி ஒருவராவது பேசிக்கொண்டிருப்பார் (வாய்மொழி: டீக்கடை பெஞ்சு). இருந்தும் ஷூட்டிங் எந்தத் திணையில் அடங்கும் என்று அறிஞர் உலகம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அகத்திணை ஏழு. எனவே இதை எட்டாம் திணை என்று இக்கட்டுரை நிறுவும். ‘ஆறாம் திணை’ என்ற இருக்கையில் ஏற்கெனவே பலர் துண்டு போட்டிருக்கிறார்கள். கைக்கிளையையும் பெருந்திணையையும் அவர்கள் எண்ண மறந்துவிட்டார்கள் என்று சொல்ல ஆய்வு நாகரிகம் இடம் தராது.

தொல்காப்பியர் ஷூட்டிங் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவே தேவையில்லாத அளவுக்கு அது அன்று பரவியிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

2. முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள். திணை மயங்கலாம், நிலம் மயங்கக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. டி. ஆர். சுந்தரம் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கியதோடு சேலத்தில் அந்த விதி காலாவதியானது. ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு இன்றும் கல்வெட்டுச் சான்றுபோல் நிற்கிறது. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938) இந்த நிறுவனத்தின் படம்; ஆகவே சேரநாடு சேலத்தில் இருந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அதே நிறுவனத்தின் படம். ஆகவே பாக்தாதும் சேலத்தில்தான் இருந்தது.

இதில் வியக்க ஒன்றுமில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலை என்னும் வடிவு கொள்ளும் என்று இளங்கோவடிகளே சொல்லியிருக்கிறார். மேலே சேர்வராயன் மலை, குறிஞ்சி. கீழே குரும்பப்பட்டிக் காடு, முல்லை. சித்திரை வெயிலில் இரண்டும் இயல்பு கெட்டால் நடுவே பாக்தாத் முளைக்காமல் வேறென்ன முளைக்கும்? (வாய்மொழி: அதே பெஞ்சு, இடது முனை, இரண்டாவது டீக்கு முன்.)

பொழுது: பகலிலேயே இரவு எடுக்கலாம்.

3. கருப்பொருள்

தெய்வம்: கேமரா. பூசணிக்காய் சுற்றி உடைக்கப்படும்.

பறை: ஜெனரேட்டர்.

உணவு: யூனிட் பொங்கல், வடை.

மரம்: தெர்மாகோல். நிழல் தராது; வெயிலை முகத்துக்கே திருப்பிவிடும்.

மக்கள்: “யாரு படம்?” என்று கேட்போர். சொன்னால், “அவரா?” என்போர்.

விலங்கு: குரங்கு. இதைச் சற்றே விரிக்க வேண்டியிருக்கிறது.

மலைப்பாதையின் முதல் வளைவு. கதாநாயகி கொய்யாவை ஒரு கடி கடித்துத் திரும்பிப் பார்க்கிறாள். ‘கட்.’ அடுத்து குளோசப். அதற்குள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு கொய்யாவைப் பிடுங்கிக்கொண்டு மரமேறிவிட்டது. கன்டினியூட்டி பார்க்கும் அசிஸ்டென்ட் டைரக்டர் செல்போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, கூடைக்காரம்மாவிடம் வேறு கொய்யா வாங்கிக் கடித்தார். பல்வரிசை ஒத்து வரவில்லை. புரொடக்‌ஷன் பாய் கடித்தார். ஆழம் சரி, அகலம் மிகை. “தம்பி, கடிச்சுப் போட்டதுக்கும் காசு உண்டு, பாத்துக்க” என்றார் கூடைக்காரம்மா.

பதிப்பியல் நெறிப்படி இக்கொய்யாவுக்கு நான்கு பாடங்கள். நாயகி பாடம்: மூலம், கிடைக்கவில்லை. அசிஸ்டென்ட் பாடம்: சிதைவு. பாய் பாடம்: இடைச்செருகல். குரங்கு பாடம்: முழுமையானது, ஆனால் விழுங்கப்பட்டுவிட்டது. மூலக்கடி இன்று செல்போனில் மேற்கோளாக மட்டுமே வாழ்கிறது. குண்டலகேசியும் பிற நூல்களின் மேற்கோள் வழியாகத்தான் நம் கைக்கு வந்தது. எஞ்சியவை 19 பாடல்கள். மனைவியைத் தள்ளிவிட மலையுச்சிக்குக் கூட்டிப்போகும் கணவனை அவளே தள்ளிவிடும் அந்தக் கதையைக் கொண்டு மாடர்ன் தியேட்டர்ஸ் ‘மந்திரி குமாரி’ (1950) எடுத்தது, ஊரே பார்த்தது. அதே 19 பாடல்களைக் கொண்டு நாம் ஆய்வேடு எழுதுகிறோம், நெறியாளரும் பார்ப்பதில்லை.

நான்கில் குரங்கு பாடமே மூலத்துக்கு நெருங்கியது என்பது என் துணிபு. அது மூலத்தின் மேலேயே கடித்தது. மற்றவர்கள் பிரதியின் மேல் கடித்தார்கள். மறுப்போர் எவரும் குரங்கின் பல்லை நேரில் ஆய்ந்தவர் அல்லர் (வாய்மொழி: அதே பெஞ்சு, வலது முனை, இடது முனைக்காரர் பஸ் ஏறிய பின், சில்லறைக்குக் காத்திருந்தபோது, மசால் வடை குறித்த கடைக்காரரின் இடையீடு நீக்கப்பட்டது, ஒப்புநோக்குக: அதே முனை, மறுநாள், முற்றிலும் மாறான கருத்து).

4. உரிப்பொருள்

குறிஞ்சியின் புணர்தல்: வெளிச்சமும் நடிகரும் ஒரே நேரத்தில் கூடுவது. அரிது. மருதத்தின் ஊடல்: கேரவனுக்குள். நெய்தலின் இரங்கல்: தயாரிப்பாளர். பாலையின் பிரிதல்: பேக்கப். முல்லையின் இருத்தல் மட்டும் எல்லார்க்கும் பொது. மேகம் விலகட்டும் என்று லைட்மேன் இருக்கிறார். ஷாட் முடியட்டும் என்று ஏற்காடு பஸ் இருக்கிறது. பஸ் கிளம்பட்டும் என்று உள்ளே காய்கறி மூட்டையோடு ஒருவர் இருக்கிறார். ‘ஒன் மோர்’ என்ற குரல் கேட்கிறது. எல்லாரும் மறுபடி இருக்கிறார்கள்.

5. முடிவுரை

ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. இங்கே ஆராயப்பட்டது ஒன்று. எஞ்சியவை 19. குண்டலகேசியில் எஞ்சியவையும் 19. இதைத் தற்செயல் என்று சொல்ல எந்த அறிஞரும் துணியமாட்டார். எனவே வளைவுக்கு ஒரு பாடலாக ஆராய நிதி நல்கை வேண்டப்படுகிறது. கொய்யாச் செலவைத் தனித் தலைப்பில் காட்டுவேன். கடித்துப் போட்டது உட்பட.