வலது பக்கம் பெரியப்பா

ரேஷன் கார்டில் 54, வாய்ச்சொல்லில் 44, மீசையில் 24. மூன்று வயதையும் ஒரே சமயத்தில் கட்டி மேய்த்துக்கொண்டிருப்பவர் ஊருக்கு ஒருவராவது உண்டு. விருத்தாசலத்தை அடுத்த நல்லூரில் இருப்பவரை, ஒரு வசதிக்காக, மார்க்கண்டேயர் என்று வைத்துக்கொள்வோம். புராணத்து மார்க்கண்டேயருக்குப் பதினாறிலேயே நின்றுவிட சிவபெருமான் வரம் தந்தார். நம்மவருக்கு அந்த வரம் சாயப் பாக்கெட்டாகப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய டூத் பிரஷ்ஷும் கொட்டாங்குச்சியுமாகக் கிணற்றடியில் உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது பத்து வயது குறைந்திருக்கும். துண்டில் ஒரு கறை கூடியிருக்கும்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சரக்கெடுத்து வெளியூர்க் கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். நவராத்திரிக்கு முன்னால் பொம்மை, கார்த்திகைக்கு முன்னால் அகல் விளக்கு. சொந்தமாக ஒரு குட்டியானை வைத்திருக்கிறார். ஓட்டுவது அவர், ஏற்றி இறக்குவது பையன்கள். குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்பது கம்பெனி ரகசியம்.

அவரை ‘அங்கிள்’ என்று மட்டும் கூப்பிட்டுவிடக் கூடாது. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் ஒருமுறை கூப்பிட்டுவிட்டாள். அந்த வீட்டுக்கு மோர் கொடுப்பது ஒரு வாரம் நின்றது. அதைவிடக் கொடுமை பேருந்து. நடத்துனர் வாயில் மனித வாழ்க்கைக்கு நாலு பருவம்: தம்பி, அண்ணே, ஐயா, பெருசு. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக இருபது வருஷம் ஆகும். இரண்டாவதிலிருந்து நாலாவதுக்குச் சில நாள் ஒரே ஸ்டாப்பிங்தான். வேப்பூர் பக்கத்தில் “அண்ணே, டிக்கெட்” என்றவர் விருத்தாசலம் வருவதற்குள் “பெருசு, படியில நிக்காத, உள்ள போ” என்றால், இடையில் என்னதான் நடந்தது?

வெளிச்சம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நடத்துனர் முடியைப் பார்ப்பதில்லை. யாருமே பார்ப்பதில்லை. எதிரில் வருகிறவரின் கண்ணைப் பார்த்துத்தான் மனிதன் பேச்சைத் தொடங்குகிறான். வயதுக் கணக்கும் அங்கேயே முடிந்துவிடுகிறது. கேலிச்சித்திரக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கிழவராக்க வேண்டுமா, கண்ணோரத்தில் மூன்று கோடு. 1996-இல் வந்த ‘இந்தியன்’ படத்துக்காக, நாற்பதை ஒட்டியிருந்த கமல்ஹாசனைச் சேனாபதித் தாத்தாவாக்க ஹாலிவுட்டிலிருந்து மைக்கேல் வெஸ்ட்மோர் வர வேண்டியிருந்தது. நம்மவருக்கு அதே வேலையை விருத்தாசலம் வெயில் இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறது.

மனக்குறைக்கு அவர் கையில் ஒரு தெய்வ சாட்சியும் உண்டு. விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் அம்பாள் பெரியநாயகி. பசியோடு வந்து தங்கிய குருநமசிவாயர் அவளை முதியவளாகப் பாடிச் சோறு கேட்டாராம். கிழவியாகவே வந்து நின்ற அம்பாள், கிழவியால் எப்படியப்பா சோறும் தண்ணீரும் தூக்கிவர முடியும் என்று கேட்டாளாம். அவர் இளையவளாக மாற்றிப் பாடிய பிறகுதான் இளம்பெண்ணாக வந்து அன்னமிட்டாள் என்பது ஊர் சொல்லும் கதை. இளைய நாயகிக்குக் கோயிலுக்குள் தனிச் சந்நிதியே இருக்கிறது. “அம்மாளே கெழவின்னா ஒத்துக்கல. நான் மட்டும் ஒத்துக்கணுமா?” என்று மார்க்கண்டேயர் கேட்கும்போது பதில் சொல்வது கஷ்டம்.

பதில் தொழிற்பேட்டையில் கிடைத்தது. அங்கே களிமண்ணைக் கரைசலாக்கி பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மண் உட்சுவரில் படியும். மிச்சத்தை வடித்துவிட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை. ஒரு யானைப் பொம்மையின் காது கீறல் விட்டிருந்தது. விலையைக் குறைக்க வழி கிடைத்தது என்று மார்க்கண்டேயர் குரலை உயர்த்த, அச்சு பிரிக்கிற பெண்மணி நிதானமாகச் சொன்னார்: “மெல்லிசா உள்ள எடம் மொதல்ல காயும்ணே. பக்கத்துல தடிப்பா உள்ளது ஈரமாவே கெடக்கும். ரெண்டும் இழுத்துக்கிட்டா கீறல்தான். ஒங்க கண்ணுகிட்ட பாருங்களேன்.”

தோல் மருத்துவர் சொல்வதும் ஏறத்தாழ இதுதான், கட்டணம்தான் வேறு. உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல். சுமார் அரை மில்லிமீட்டர். கன்னத்துத் தோல் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு தடிப்பு. கன்னத்துக்கு அடியில் மெத்தை மாதிரி கொழுப்பு இருக்கிறது. இமைத்தோலுக்கு அடியில் நேராகத் தசைதான். எண்ணெய்ச் சுரப்பிகளும் இந்தப் பக்கம் குறைவு. அதனால் மூக்கில் எண்ணெய் வழியும் அதே முகத்தில் கண்ணோரம் வறண்டு கிடக்கும். தோலுக்குப் பலம் தரும் கொலாஜனும், இழுத்துவிட்டால் திரும்பவைக்கும் எலாஸ்டினும் வயதோடு எல்லா இடத்திலும்தான் குறைகின்றன. இருப்பு அதிகமுள்ள இடத்தில் குறைவது தெரியாது. கண்ணோரத்தில் ஆரம்ப இருப்பே கொஞ்சம்.

வேலையோ அங்கேதான் அதிகம். நிமிடத்துக்குப் பதினைந்து முறை இமைத்தாலும், விழித்திருக்கும் பதினாறு மணி நேரத்தில் 14,000 தடவைக்கு மேல் ஆகிறது. கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் தசை ஒவ்வொரு தடவையும் சுருங்கி விரிகிறது. சிரித்தாலும் அது, வெயிலுக்குக் கண்ணைச் சுளித்தாலும் அது, சந்தேகப்பட்டாலும் அது. நாற்பது வருஷம் ஒரே இடத்தில் மடிந்த தோலில் மடிப்பு நிரந்தரமாகிவிடுகிறது.

இது தெரிந்த நாள்முதல் மார்க்கண்டேயர் சிரிப்பைச் சிக்கனப்படுத்தினார். உதடு மட்டும் விரியும், கண் அசையாது. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-இலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்: உதட்டை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், உள்ளம் மகிழ்ந்தால்தான் கண்ணைச் சுற்றியுள்ள தசை அசையும் என்று. விளைவு, கல்யாண வீட்டு வாசலில் மார்க்கண்டேயர் சிரித்தால் கைமாற்று கேட்டவரிடம் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டு பேர் பயந்துகொண்டு மொய்யைச் சீக்கிரம் எழுதிவிட்டுப் போனார்கள்.

இனிமேல்தான் தலைப்பு. அவருடைய முகத்தின் இரண்டு பக்கமும் ஒரே வயது இல்லை. குட்டியானையில் ஸ்டியரிங் வலது பக்கம். வலது முழங்கை ஜன்னலில். வலது கன்னமும் வலது கண்ணும் வெயிலில். வருஷக்கணக்காக இதே கோலம். அமெரிக்காவில் இப்படி ஒருவரை மருத்துவர்கள் படமெடுத்து 2012-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்’ இதழில் வெளியிட்டார்கள். 28 வருஷம் சரக்கு லாரி ஓட்டிய 69 வயதுக்காரர். அங்கே ஓட்டுநர் உட்காருவது இடது பக்கம். ஆகவே இடது முகம் முழுக்க ஆழமான சுருக்கம், தொங்கும் தோல். வலது முகம் பத்திரமாக இருந்தது. ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு வகையைத்தான் பெரும்பாலும் தடுக்கும். ஆழமாக இறங்கிக் கொலாஜனைக் கெடுக்கும் ‘ஏ’ வகை கண்ணாடியைத் தாண்டி வந்துவிடும். மார்க்கண்டேயரோ காற்று வேண்டும் என்று கண்ணாடியையே இறக்கிவிட்டு ஓட்டுகிறவர்.

டீக்கடை நண்பர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். இடது பக்கமாக வந்து உட்கார்ந்தால் “அண்ணே, டீ சொல்லட்டா?” வலது பக்கமாக வந்தால் “பெரியப்பா, காசு குடுத்துருங்க.”

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் நாட்டுக் கருப்பு ஒரு நல்ல குடை. தோலில் மெலனின் நிறைய உள்ளவர்களுக்கு வெள்ளைக்காரரைவிடச் சுருக்கம் தாமதமாகவே வருகிறது. அந்தச் சலுகைக்குப் பதிலாக நமக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் வைத்திருக்கிறது இயற்கை. அது பாதி பரம்பரைச் சொத்து. கண்ணைக் கசக்கக் கசக்க வட்டியும் சேரும். சிலருக்கு அது நிறமே இல்லை. கண்ணுக்குக் கீழே குழி விழுந்து, மேலிருந்து வரும் வெளிச்சத்தில் நிழல் தங்குகிறது. நேராக டார்ச் அடித்தால் மறையும். நடத்துனர் விவகாரத்தின் மர்மமும் இதுதான்: பக்கவாட்டு வெயிலில் அண்ணன், உச்சி விளக்கின் கீழ் பெருசு. மார்க்கண்டேயர் செல்பி எடுக்கும்போது சாமியாடி மாதிரி வெளிச்சத்தைத் தேடிச் சுற்றுவதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

அவரிடம் கூலிங் கிளாஸ் இல்லாமல் இல்லை. இருக்கிறது, சட்டையின் இரண்டாவது பட்டனில் தொங்குகிறது. கண்ணில் போட்டால் ஆளை அடையாளம் தெரியாதாம். வெயிலுக்குக் கண் சுளிக்கிறது, பட்டனுக்கு மட்டும் நிழல்.

வெள்ளெழுத்துக் கதை இன்னும் சோகம். நாற்பதைத் தாண்டியதும் கிட்டப் பார்வை மங்குவது எல்லோருக்கும் வருவது. கண்ணாடி போட்டால் வயது தெரிந்துவிடும் என்று அவர் போடுவதில்லை. சரக்கு ரசீதை முதலில் முழங்கை தூரம் தள்ளுவார், பிறகு முழுக்கை தூரம். அப்புறம் கை போதாது. கண்ணை இடுக்கி, நெற்றியைச் சுருக்கி, ஒவ்வொரு எண்ணாகப் படிப்பார். வயதை மறைக்க அவர் போட மறுத்த கண்ணாடி, தினமும் நூறு தடவை கண்ணோரத்தில் வயதை எழுதிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு மனசு கேட்காது.

அவர் மனைவிக்கு அவரைவிட இரண்டே வயதுதான் குறைவு. முடிக்குச் சாயம் கிடையாது. வெள்ளெழுத்துக் கண்ணாடியை மூக்கிலேயே வைத்திருக்கிறார். வெயிலில் இறங்கினால் குடை, குடை இல்லாவிட்டால் முந்தானை. அதே பேருந்தில் அதே நடத்துனர் அவரை “அக்கா, தள்ளி உக்காருங்க” என்கிறார். வீட்டில் இதுபற்றிப் பேச்செடுப்பதில்லை.

வைத்தியத்துக்கு வாட்ஸ்அப் குழுக்களில் பஞ்சமே இல்லை. மார்க்கண்டேயர் வெள்ளரித் துண்டு வைத்தார்; குளிர்ச்சியில் காலை வீக்கம் கொஞ்ச நேரம் வடிந்தது, சுருக்கம் அப்படியே இருந்தது. எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வண்டியெடுத்தார். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்துபோய்க் கருக்கும் என்பதைக் குழுவில் யாரும் பார்வர்ட் செய்யவில்லை. பிறகு, தெரிந்தவர் சொன்னார் என்று சிவப்புக் கிரீம் ஒன்று. நல்லவேளை, மனைவி பிடுங்கிக் குப்பையில் போட்டார். இந்த மாதிரி கிரீம் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் முகம் மினுங்கும். தொடர்ந்து பூசினால் தோல் இன்னும் மெலியும். கண் பக்கத்தில் பூசினால் கண் அழுத்தம்கூட ஏறலாம். 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

பணமுள்ளவர்களின் வழி போடாக்ஸ். வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கரூத்தர்ஸ், இமை துடிக்கும் நோயாளிக்கு 1987-இல் அந்த ஊசியைப் போடும்போது புருவ மத்தியின் கோடும் மறைவதைக் கண்டார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டருடன் சேர்ந்து அதை அழகு வைத்தியமாக்கினார். தசையைச் சில மாதங்களுக்கு ஓயவைப்பதுதான் அதன் வேலை. மார்க்கண்டேயர் விலையை விசாரித்தார். குட்டியானைக்கு டயர் மாற்றிக்கொண்டார்.

மலிவான வழி ஒன்றுக்குச் சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்ற ஊர். அதுவும் வெயில் ஊர்தான். அங்கே 903 பேரில் ஒரு பாதியைத் தினமும் சன்ஸ்க்ரீன் பூசச் சொன்னார்கள். மறுபாதியை இஷ்டம்போல் விட்டுவிட்டார்கள். நாலரை வருஷம் கழித்துப் பார்த்தால், தினம் பூசியவர்களின் தோலில் முதுமை 24 சதவீதம் குறைவு. 2013-இல் வெளிவந்த முடிவு. மார்க்கண்டேயரிடம் சொன்னால், “அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்” என்கிறார், மீசை மையைத் துடைத்துக்கொண்டே.

கடைசியாகப் போன ஆவணிக் கல்யாணம். அக்கா மகள் திருமணம். தாய்மாமன் சீர் தட்டோடு மேடையேற வேண்டும். முதல் நாள் இரவு முடி, மீசை எல்லாம் முடித்துவிட்டு, மிச்சமிருக்கிறதே என்று புருவத்துக்கும் இழுத்துவிட்டார். விடிந்தபோது இரண்டு இமையும் பணியாரமாக உப்பியிருந்தன. கருப்புச் சாயங்களில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் சிலருக்கு ஒவ்வாது. எத்தனையோ தடவை போட்டுப் பழகியவருக்கும் திடீரென ஒவ்வாமல் போகும். சாயம் பட்ட தலைத்தோல் தடிப்பு; தாங்கிக்கொள்ளும். இமைத்தோல் தாங்காது. தாய்மாமன் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கூலிங் கிளாஸைக் கண்ணில் போட்டார். ஆல்பத்தில் முகூர்த்தப் படம் முழுக்க மைக்கேல் ஜாக்சனாக நிற்கிறார். அக்கா இன்னும் பேசவில்லை.

தலைச்சாயம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 48 மணி நேரத்துக்கு முன்னால் காதுக்குப் பின்னால் சிறிது தடவிச் சோதித்துப் பார்க்க வேண்டும். இமைக்கும் புருவத்துக்கும் போடவே கூடாது, பார்வையே போகலாம். பிபிடி கலந்த சாயப் பெட்டியில் இந்த எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அச்சிட்டும் இருக்கிறார்கள். எழுத்துதான் மிகப் பொடி. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.